கடைச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 36. கோவை ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவு மேலாளராக இருக்கிறேன். 21 வயதில் விற்பனையாளராக இந்தத் தொழிலுக்கு வந்தவன். இப்போதைய கடையில் சேர்ந்து நான்கு வருடம் எட்டு மாதம் ஆகிறது. சம்பளம் 38,000 ரூபாய். காலை பத்து மணிக்குப் போனால் இரவு ஏழரைக்குக் கிளம்பிவிடலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. பண்டிகைக் காலத்தில் மட்டும் நேரத்துக்குக் கணக்கில்லை.

ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனம் சரவணம்பட்டிப் பக்கம் திறக்கப்போகும் புதிய கிளைக்குக் கடை மேலாளராக என்னை அழைக்கிறது. மாதம் 65,000 ரூபாய். அதில் 53,000 நிலையான சம்பளம். மீதி 12,000 விற்பனை இலக்கை எட்டினால்தான். காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை வேலை. மாதத்துக்கு இரண்டு நாள் விடுமுறை. வீடு சிங்காநல்லூரில். பைக்கில் முக்கால் மணி நேரம் ஆகும். வீட்டுக் கடன் இன்னும் 11 லட்சம் பாக்கி, மாதத் தவணை 16,500. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ரத்தம் பரிசோதித்தபோது, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் மருத்துவர்.

"இந்த வயதில் ஓடாமல் எப்போது ஓடுவது மாப்பிள்ளை?" என்கிறார் மாமனார். "இருப்பது போதும்" என்கிறாள் மனைவி. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் கடனை அடைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பதினைந்து நாளில் பதில் கேட்கிறார்கள். போகலாமா?

— கோவை வாசகர்

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

சில்லறை வணிகத்தில் 19 ஆண்டுகள் இருந்தேன். கடைசி ஆறு ஆண்டுகள் சென்னையில் ஒரு பல்பொருள் அங்காடிக்குக் கடை மேலாளர். இப்போது அதே துறைக்கு ஆள் தேர்ந்து கொடுப்பதும், வேலை மாற நினைப்பவர்களுக்கு யோசனை சொல்வதும் தொழில். என்ன கணக்குப் போட்டு நிறுவனம் ஒரு தொகையைச் சொல்கிறது என்பதும் தெரியும். அந்தத் தொகையை வாங்குகிறவர் எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருகிறார் என்பதும் தெரியும். உங்கள் கடிதத்தில் ஒரு நல்ல விஷயம், எண்களை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

இப்போது நாளுக்கு ஒன்பதரை மணி நேரம், மாதம் 26 நாள். மொத்தம் 247 மணி நேரம். 38,000 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு 154 ரூபாய் விழுகிறது. புதிய வேலையில் நாளுக்கு 13 மணி நேரம், 28 நாள், மொத்தம் 364 மணி நேரம். 65,000 முழுதாகக் கைக்கு வந்தால் மணிக்கு 178 ரூபாய். இலக்கை எட்டாத மாதத்தில் 53,000-தான். அப்போது மணிக்கு 145 ரூபாய் சொச்சம். இன்றைக்கு ஒப்பணக்கார வீதியில் வாங்குவதைவிட எட்டு ரூபாய் குறைவு. இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். 364 மணி நேரத்தை உங்கள் இப்போதைய ஒன்பதரை மணி நேர நாளால் வகுத்தால் 38 நாள் வருகிறது. மாதத்துக்கு 38 நாள் வேலை செய்யத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

அந்த 12,000 ரூபாயை நம்பித் தவணை கட்டத் திட்டமிடாதீர்கள். புதுக் கடை முதல் ஆறேழு மாதம் இலக்கைத் தொட்டு நான் பார்த்தது அபூர்வம். இலக்கைத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து கடையின் சதுர அடியை வைத்துப் போடுவார்கள். அந்தத் தெருக்காரர்களோ பத்து வருடமாக அண்ணாச்சி கடையில் நோட்டில் எழுதிப் பாக்கி வைத்து வாங்கிப் பழகியவர்கள். திறப்பு விழாச் சலுகைக்குக் கூட்டமாக வருவார்கள், சர்க்கரையும் எண்ணெயும் வாங்குவார்கள், அடுத்த மாதம் அண்ணாச்சியிடமே திரும்பிவிடுவார்கள். அவர்களைத் திரும்ப வரவழைப்பது உங்கள் வேலை. அது ஒரு வருட வேலை. போதாததற்கு, சொல்லப்படும் 53,000-க்குள் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் வருங்கால வைப்பு நிதியும் அடக்கமா என்று கேளுங்கள். 15,000 ரூபாய் வரம்புக்கு 12 சதவீதம் என்று வைத்தால்கூட 1,800 ரூபாய். உங்கள் பணத்திலேயே கழித்து உங்களுக்கே கொடுத்ததாகக் காட்டும் நிறுவனங்கள் ஏராளம்.

சம்பளக் கணக்கு இவ்வளவுதான். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 13 மணி நேரம். அது எங்கிருந்து வந்தது?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. கடை ஊழியருக்கு நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அது வரம்பு கட்டுகிறது. மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்து மணி நேரத்தையும் வாரத்துக்கு 54 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. மிகைநேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். சின்னக் கடைகளில் இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கிளைகள் வைத்து நடத்துகிற நிறுவனங்கள் அப்படி இருக்க முடியாது; விரல் ரேகை வருகைப் பதிவில் நேரம் பதிவாகிறது, ஆய்வாளர் வந்தால் காட்ட வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் நான்காவது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

முதலாளியின் இடத்தில் உட்கார்ந்து இதைப் பாருங்கள். பில் போடும் பெண்ணை ஒரு மணி நேரம் கூடுதலாக நிறுத்தினால் இரட்டிப்புச் சம்பளம். மேலாளரை மூன்று மணி நேரம் கூடுதலாக நிறுத்தினால் ஒரு பைசா செலவில்லை. ஆள் வராத நாளில், ஆள் எடுக்காத மாதத்தில், எந்த இடைவெளி விழுந்தாலும் அதை மேலாளரை வைத்து அடைப்பதுதான் மலிவு. யாருடைய கெட்ட எண்ணமும் இதற்குத் தேவையில்லை. கணக்கே அப்படித்தான் தள்ளுகிறது.

பெயரில் மேலாளர், வேலையில் மூட்டை தூக்குகிறவர் என்ற நிலை நம் ஊரில் மட்டும் இருப்பதல்ல. அமெரிக்காவில் ஃபேமிலி டாலர் என்ற மலிவு விலைக் கடை நிறுவனத்தின் மேலாளர்கள் 1,424 பேருக்கு மூன்றரைக் கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பை 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. வாரத்துக்கு 60, 70 மணி நேரம் வேலை. அதில் பெரும்பகுதி லாரியிலிருந்து சரக்கு இறக்குவதும் அலமாரியில் அடுக்குவதும் கல்லாவில் நிற்பதும்தான். பெயர் மேலாளர் என்பதாலேயே மிகைநேரச் சம்பளத்தை மறுக்க முடியாது, செய்கிற வேலை என்ன என்றுதான் பார்க்க வேண்டும் என்பது அந்த வழக்கின் சாரம். உங்களை வழக்குப் போடச் சொல்லவில்லை. உங்களுக்கு வரப்போகிற வேலை எந்த வகை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

பத்து மணிக்கு வேலை முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து மணிக்குக் கடை அடைக்கப்படும். உங்கள் வேலை முடியாது. என் கடையில் ஒரு சாதாரண வியாழக்கிழமை இரவைச் சொல்கிறேன். விளக்கைப் பாதி அணைத்த பிறகும் ஒரு தம்பதி இரண்டு தள்ளுவண்டி நிறையச் சாமானோடு வரிசையில் நிற்பார்கள். அவர்கள் போனதும் ஷட்டர் பாதி இறங்கும். பிறகு கல்லாக்களை எண்ண வேண்டும். ஐந்து கல்லா, நான்கு சரியாக இருக்கும், ஐந்தாவதில் 500 ரூபாய் துண்டு விழும். கார்டு ரசீதுகளை மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிடுவாள். ஒருபுறம், வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்று அங்கங்கே வைத்துவிட்டுப் போன பொருள்களைத் திரும்ப அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். சோப்பு அலமாரிக்குப் பின்னால் அரைக் கிலோ பனீர் கிடைக்கும். எத்தனை மணியிலிருந்து அங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கழிவுக் கணக்கில் எழுத வேண்டும். வாடிய கீரை, அழுகிய தக்காளி எடை போட்டு எழுத வேண்டும். நாளைக்குக் காய்கறி எவ்வளவு என்று ஆர்டர் அனுப்ப வேண்டும். ஊழியர்கள் பைகளைக் காட்டிவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்ப, பெண்களுக்கு வண்டி வந்ததா என்று பார்த்துவிட்டு, கடைசியாக உறைபெட்டிகளின் வெப்பநிலையை நோட்டில் குறித்துவிட்டுப் பூட்டும்போது மணி பதினொன்றேகால்.

நீங்கள் சேலைப் பிரிவுக்காரர். கல்யாண வீட்டார் ஒரு குடும்பமாக வந்து உட்கார்ந்து இருநூறு சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு நான்கு எடுத்துக்கொண்டு போன பிறகு, அத்தனையையும் மடித்து அடுக்குகிற நேரம் எந்தக் கணக்கிலும் வராது என்று உங்களுக்குத் தெரியும். மளிகையில் அந்த மடிப்பு தினமும் உண்டு.

இதோடும் முடியவில்லை. ஒரு ஆவணி மாத இரவில் இரண்டு மணிக்குக் காவலாளி கூப்பிட்டார். மின்சாரம் போய்விட்டது, ஜெனரேட்டர் ஏறவில்லை. ஐஸ்கிரீம் உறைபெட்டி மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டியது, மைனஸ் 9-க்கு வந்துவிட்டது. இளகியதைத் திரும்ப உறைய வைத்து விற்க முடியாது, நஷ்டம் கடைக் கணக்கில் ஏறும், அந்த மாத ஊக்கத்தொகை போகும். கட்டிய லுங்கியோடு ஸ்கூட்டரில் போனேன். டீசல் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். இருபது லிட்டர் கேன் கடைக்குள்ளேயே இருந்தது. காவலாளியால் அதை எடுக்க முடியவில்லை. கடைச் சாவி என்னிடம் மட்டும் இருந்தது.

அன்றைக்கு வீடு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தொழிலில் வேலை நேரத்தைத் தீர்மானிப்பது நியமனக் கடிதத்தில் எழுதியிருக்கும் மணி அல்ல. உங்களைத் தவிர அந்தக் கடையைத் திறந்து நடத்தி மூடக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதுதான். கடை நாளுக்கு 13 மணி நேரம், வாரத்துக்கு ஏழு நாள் திறந்திருக்கிறது என்றால் 91 மணி நேரம். ஒருவருக்கு 48 மணி நேரம் என்றாலே பொறுப்பானவர்கள் இரண்டு பேர் வேண்டும். விடுப்பு, காய்ச்சல், உறவினர் கல்யாணம் எல்லாம் சேர்த்தால் மூன்று பேர். உங்களிடம் கேட்பது கிட்டத்தட்ட 85 மணி நேரம். அதாவது அந்த 91-ஐயும் ஏறக்குறைய ஒருவரையே வைத்து ஓட்டுகிற திட்டம் அது. வர வேண்டிய இரண்டாவது ஆளின் சம்பளத்தில் ஒரு பங்கைத்தான் உங்கள் கையில் உயர்வாக வைக்கிறார்கள். மீதி அவர்களுக்கு மிச்சம்.

பழியை நிறுவனத்தின் மேல் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. துணை மேலாளர் வேண்டும் என்று நான் இரண்டு முறை எழுதிக் கேட்டதும், வட்டார மேலாளர் அடுத்த காலாண்டு என்று தள்ளியதும் உண்மை. ஆனால் என் கடையிலேயே பில்லிங்கில் ஏழு வருடமாக ஒரு தம்பி இருந்தான். கல்லா எண்ணத் தெரியும், ஆர்டர் போடத் தெரியும், சண்டைக்கு வருகிற வாடிக்கையாளரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பத் தெரியும். அவனிடம் ஒரு நாள்கூடச் சாவியைக் கொடுக்கவில்லை. பணம் குறைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டேன். உண்மையில், நான் இல்லாமல் கடை நடக்காது என்று நினைப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. பிறகு டைபாய்டு வந்து பன்னிரண்டு நாள் படுத்தேன். தலைமை அலுவலகம் யாரையும் அனுப்பவில்லை. தம்பிதான் நடத்தினான். பன்னிரண்டு நாளும் கணக்கு சரியாக இருந்தது. கழிவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு. எழுந்து வந்ததும் சாவிக்கு இன்னொரு பிரதி போட்டேன். அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று இரவு எட்டு மணிக்கு வீட்டில் இருந்தேன். சம்பளம் அதேதான்.

ஆகவே, போகலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: கடையை மூடத் தெரிந்த இன்னும் இரண்டு பேர் முதல் நாளிலிருந்தே இருப்பார்கள் என்றால் போங்கள். இல்லை என்றால், இன்னும் பத்தாயிரம் கூட்டிக் கொடுத்தாலும் வேண்டாம்.

போங்கள் என்று நான் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நீங்கள் இருக்கிற இடத்தில் மேலே ஏற எத்தனை படி பாக்கி? குடும்பத்தார் நடத்துகிற ஜவுளிக் கடையில் பிரிவு மேலாளருக்கு மேலே பெரும்பாலும் முதலாளியின் மகனும் மருமகனும்தான். 38,000 ஐந்து வருடத்தில் 46,000 ஆகலாம். ஒரு கடையின் வரவு செலவு முழுவதையும், வாடகை, மின் கட்டணம், ஆள் சம்பளம், கழிவு, திருட்டு நஷ்டம் எல்லாவற்றையும் பார்த்தவர் என்ற அனுபவம் உங்கள் கையில் வந்தால் அதன் மதிப்பு வேறு. பிறகு நான்கைந்து கடைகளைப் பார்க்கும் வட்டார மேலாளர் வேலையோ, சரக்குக் கொள்முதல் வேலையோ கேட்கும்போது யாரும் உங்களைச் சேலைக்காரர் என்று ஒதுக்க முடியாது. உங்கள் மாமனார் ஓடச் சொல்வதில் நான் ஒத்துக்கொள்கிற பகுதி இது ஒன்றுதான்.

இரண்டு வருடத்தில் கடனை அடைத்துவிடலாம் என்பதில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். நிலையான சம்பளத்தில் கூடுவது 15,000. தினமும் ஒன்றரை மணி நேரம் பைக் ஓட்டுகிற பெட்ரோல், இரவுச் சாப்பாட்டை வெளியே முடித்துக்கொள்வது, மகளை அழைத்துவர ஆட்டோ என்று 5,000 போய்விடும் என்று வையுங்கள். மிஞ்சுவது 10,000. இரண்டு வருடத்துக்கு 2,40,000 ரூபாய். ஒவ்வொரு மாதமும் ஊக்கத்தொகை முழுதாக வந்தால்கூட 5,28,000. வழக்கமான தவணையோடு இதையும் சேர்த்துக் கட்டினாலும் 11 லட்சம் அத்தனையும் தீராது. பல்லைக் கடித்துக்கொள்வதற்கும் ஒரு முடிவுத் தேதி வேண்டும். இந்தக் கணக்கில் அந்தத் தேதி தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும்.

ஜவுளிக்காரர்கள் மளிகைக்கு வரும்போது ஒரு விஷயத்தில் தவறாமல் ஏமாறுகிறார்கள். நீங்களும் 13 மணி நேரம் உழைத்தவர்தான், ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கும். தீபாவளிக்கு முந்தைய இரவு நள்ளிரவு தாண்டி வீடு போய் அப்படியே எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள். ஆனால் தீபாவளி முடிந்த அடுத்த இரண்டு வாரம் ஜவுளிக் கடை காற்று வாங்கும். உடம்பு அந்த இடைவெளியில்தான் தேறுகிறது. மளிகையில் அந்த இரண்டு வாரம் இல்லை. மாதத்தின் முதல் பத்து நாள் சம்பளக் கூட்டம், வாரக் கடைசியில் ஞாயிற்றுக் கூட்டம், நடுவில் பண்டிகைகள். ஆடியிலும் மார்கழியிலும் மனிதர்கள் பருப்பு வாங்கியே தீர வேண்டும். நாற்பது நாள் தாங்கிய அனுபவத்தை வைத்து வருடம் முழுவதும் தாங்குவேன் என்று நினைக்காதீர்கள்.

சர்க்கரை விஷயத்தை நீங்கள் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டு வரி எழுதுகிறேன். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் சுமார் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லின. உங்களுக்கு வந்திருப்பது 85 மணி நேர வேலை; அதில் மதியச் சாப்பாடு நான்கு மணிக்கு, பில்லிங்குக்குப் பின்னால் நின்றபடி. மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உங்களுக்கு இல்லை. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டா, எவ்வளவு என்று நியமனக் கடிதத்தில் பாருங்கள்.

பணிக்கொடையை (கிராஜுவிட்டி, ஐந்து வருடம் இருந்தவர் விலகும்போது முதலாளி தர வேண்டிய தொகை) நீங்கள் யோசித்த மாதிரியே தெரியவில்லை. ஐந்து வருடம் முடிய உங்களுக்கு இன்னும் நான்கு மாதம்தான். அடிப்படைச் சம்பளம் 20,000 என்று வைத்தால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்கு 57,692 ரூபாய். நான்கு வருடமும் 240 நாளும் இருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதுண்டு. ஆனால் அதை வைத்துப் பழைய முதலாளியிடம் வாதாடுவதைவிட, நோட்டீஸ் காலத்தையும் மிச்சமிருக்கும் விடுப்பையும் கூட்டிக் கழித்து, சேரும் தேதியை நான்கு மாதம் தள்ளிக் கேட்பது சுலபம். புதுக் கடை சொன்ன தேதியில் திறந்து நான் பார்த்ததில்லை. தரை ஓடு ஒட்டி முடிக்கவே இரண்டு மாதம் தாமதமாகும். பதினைந்து நாள் என்று அவர்கள் சொல்வதற்கு ரொம்பவும் பயப்பட வேண்டாம்.

பேரம் பேசும்போது ஐந்தாயிரம் கூட்டிக் கேட்காதீர்கள். கொடுத்துவிடுவார்கள், கொடுத்த பிறகு உங்களால் எதையும் கேட்க முடியாது. வாரம் ஒரு நாள் விடுமுறை கேளுங்கள். கடை திறக்கும் நாளுக்கு முன்பே இரண்டு துணை மேலாளர்களுக்கு ஒப்புதலும், அவர்களைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் கருத்துக்கு இடமும் கேளுங்கள். வாரத்தில் மூன்று நாள் திறப்பு உங்களுடையது, மூன்று நாள் மூடுவது உங்களுடையது, இரண்டும் ஒரே நாளில் வராது என்று எழுத்தில் கேளுங்கள். இதற்கு அவர்கள் சம்பளத்தில் நான்காயிரம் குறைத்தால் ஒத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு பத்து மணி நேரம், மாதம் 26 நாள், நிலையான சம்பளம் 49,000 என்று முடிந்தால் மணிக்கு 188 ரூபாய் விழுகிறது. ஊக்கத்தொகை முழுதாக வந்தாலும் 178 கொடுக்கிற அந்த 65,000-ஐவிட இது நல்ல வேலை. துணை மேலாளர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால், பிறகு வரவே மாட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மனைவியிடம் பேசும்போது சம்பளத் தொகையைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். "இருப்பது போதும்" என்று அவர் சொல்வது பணத்தைப் பற்றி மட்டும் இருக்காது. உங்களுக்கு ஞாயிறு ஏற்கெனவே இல்லை. இருக்கிற செவ்வாய்க்கிழமையும் ஏழரை மணிக்குக் கிளம்புகிற மற்ற நாள்களும் போனால், பள்ளியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, மகளின் வீட்டுப்பாடம், சமையல், மின் கட்டணம், எரிவாயு சிலிண்டர் எல்லாம் அவர் ஒருவர் தலையில். அவர் செய்யப்போகும் கூடுதல் வேலைக்கு அந்த 65,000-க்குள் தனியாகச் சம்பளம் இல்லை. வாரத்தில் எந்தெந்த இரவு நீங்கள் எட்டரைக்குள் வீட்டில் இருப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பேசுங்கள். அப்படி எழுத முடியவில்லை என்றால், நிறுவனத்திடம் நீங்கள் இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த நிறுவனத்துக்குக் கோவையில் வேறு கிளை இருக்கும். மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு அங்கே போங்கள். பில் போடும் இடம் எத்தனை கட்டியிருக்கிறார்கள், எத்தனையில் ஆள் இருக்கிறது என்று எண்ணுங்கள். எட்டு கட்டி மூன்றில்தான் ஆள் என்றால் மற்றது புரிந்துவிடும். ஊழியர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டுச் சட்டத்தில் திருத்தம் வந்தது. அந்தப் பெண்களுக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா, இருந்தால் அதன் மேல் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கழுத்துப்பட்டையில் மேலாளர் என்று அட்டை தொங்குகிறவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாரா, தண்ணீர் கேன் தூக்குகிறாரா.

வெளியே வந்து வண்டி நிறுத்தும் இடத்தில் இருக்கிற காவலாளியிடம் பேச்சுக் கொடுங்கள். சம்பளமோ நிறுவனமோ வேண்டாம். "அண்ணா, மேனேஜர் சார் எத்தனை மணிக்குக் கிளம்புவார்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் மணியைச் சொல்வாரா, சிரிப்பாரா என்று பாருங்கள். பிறகு எதிரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, ஷட்டரை இழுத்துப் பூட்டுவது யார் என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை அதே நேரத்துக்கு மறுபடி போங்கள். இரண்டு நாளும் பூட்டியது ஒரே ஆள் என்றால், எனக்கு எழுத வேண்டியதில்லை.